கால் பணமும் முழத் துண்டும்: சாவு வீட்டுத் தொழிலும் நம் துக்கமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்குவது வழக்கம். நம் தோழருக்கு அது பிடிக்காது என்பது முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "ஒரு சாவு விழுந்தா காசு எந்தக் கையிலேர்ந்து எந்தக் கைக்குப் போவுதுன்னு எழுதும்மா. சாதி அங்கதான் அம்மணமா நிக்குது." அவர் இருக்கும்போது எழுதவில்லை. இப்போது அவர் பெயரால் நடக்கும் கூட்டத்திலேயே அதைப் பேச வேண்டியதாகிவிட்டது.

நம் ஊர்ச் சாமியிடமிருந்தே தொடங்குகிறேன். தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசான்ய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். போகும்போது மேளதாளம் உண்டு. அங்கே வல்லாள மகாராஜா இறந்துவிட்டார் என்று அவருக்குச் சேதி வருகிறது. திரும்பி வரும்போது மேளம் கிடையாது. பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதியில், அந்த அரசனுக்கு மகன் முறையில் திதி கொடுக்கிறார். பிள்ளையில்லாத அரசனுக்குச் சாமியே பிள்ளையானார் என்பது கதை. வரலாற்றில் இவன் போசள அரசன் மூன்றாம் வல்லாளன். திருவண்ணாமலையைத் தலைநகரங்களில் ஒன்றாக வைத்திருந்தவன், மதுரை சுல்தானியத்தோடு நடந்த போரில் பிடிபட்டு 1342-43 வாக்கில் கொல்லப்பட்டவன். அவனுக்கு மகன் இருந்தான் என்பது வேறு சங்கதி.

சமூகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு எமில் தர்கைமைப் பாடமாக வைப்பார்கள். துக்கம் என்பது தானாகப் பொங்கும் உணர்ச்சி மட்டுமல்ல, குழு தன் உறுப்பினர்மேல் சுமத்தும் கடமை என்று அவர் 1912இல் எழுதினார். அதற்கு ஆஸ்திரேலியப் பழங்குடிகளை உதாரணம் காட்டினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அண்ணாமலையாருக்கே துக்கம் நாள் குறித்துத்தான் வருகிறது. எந்த இடத்தில் மேளம் நிற்க வேண்டும், எந்தக் கரையில் பிண்டம் வைக்க வேண்டும் என்று எல்லாம் வகுக்கப்பட்டிருக்கிறது. என் கவனம் போனது அந்த மேளத்தின்மேல். துக்கம் வந்தால் நிறுத்தப்படுகிற மேளம் நாதஸ்வரமும் தவிலும். துக்கம் வந்தால்தான் கூப்பிடப்படுகிற மேளம் நம்முடையது.

சேதி சொன்னது யார் என்று கதையில் யாரும் கேட்பதில்லை. ஊரில் அதற்கு ஆள் இருந்தது. 'எழவு சொல்லப் போறது' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஊரில் ஒரு சாவு என்றால் சேரியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, எந்தெந்த ஊரில் எந்தெந்தச் சம்பந்தி, பங்காளி என்று சொல்லி அனுப்புவார்கள். ராத்திரியானாலும் மழையானாலும் நடக்க வேண்டும். போன ஊரில் தெருக்கோடியில் நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து அழுகுரல் கிளம்பியதும் கொஞ்சம் அரிசியோ சில்லறையோ வரும். என் பெரியப்பா ஒருவர் இந்த வேலை செய்தவர். "நான் போய் நின்னாலே அந்த ஊரு பொம்பளைங்க வயித்துல அடிச்சிக்குவாங்க, என் மூஞ்சியே சாவு மூஞ்சியாயிடுச்சி" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

மராட்டியத்தில் மகர்களுக்கும் இதே வேலைதான். சாவுச் சேதி கொண்டுபோவது, செத்த மாட்டை இழுப்பது, அதிகாரிகளுக்கு ஏவல் செய்வது எல்லாம் 'வதன்' என்ற பரம்பரைப் பொறுப்பின் பெயரால் வாங்கப்பட்டன. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த மசோதா இந்த வதனைப் பற்றியது. கோயில் நுழைவுக்கும் குளத்துத் தண்ணீருக்கும் போராடிய அதே ஆண்டுகளில் அவர் இந்தக் கூலிக் கணக்கையும் கையில் எடுத்தார். நமது இலக்கியக் கூட்டங்களில் மகத் குளம் பேசப்படுகிற அளவுக்கு வதன் பேசப்படுவதில்லை என்பது என் குறை.

வெட்டியான் என்ற சொல்லைக் குழி வெட்டுகிறவர் என்றுதான் பலர் புரிந்துகொள்கிறோம். 'வெட்டி' என்பது சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாமல் வாங்கப்படும் கட்டாய உழைப்புக்கான பெயர். இன்றும் பயனில்லாத வேலையை வெட்டி வேலை என்கிறோம். பட்டம் சொல்வது வேலையின் தன்மையை அல்ல, அதற்குக் காசு கிடையாது என்பதை. கொடுத்ததெல்லாம் களத்து நெல், செத்தவர் மேல் கிடந்த கோடித் துணி, வாய்க்கரிசி, ஒரு குவளைச் சாராயம். இவை கூலி அல்ல. சாவுத் தீட்டை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும், அதைத் துணியோடும் அரிசியோடும் சேர்த்து நம் கையில் கொடுத்தார்கள்.

இதை அரிச்சந்திரன் கதையைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நம் பக்கத்துச் சுடுகாடுகளுக்கு முன்னால் ஒரு அரிச்சந்திரன் கல் இருக்கும், சில இடங்களில் சிறு கோயிலே இருக்கும். பாடையை அங்கே இறக்கித் திசை மாற்றுவார்கள். வெட்டியான் அங்கே நின்று பாட்டாகவும் வசனமாகவும் தன் உரிமையைக் கேட்பார். காசியில் வீரபாகு என்ற சண்டாளனுக்கு அடிமையாகிச் சுடலை காக்கிறான் அரசன் அரிச்சந்திரன். பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். கால் பணமும் முழத் துண்டும் ஆண்டைக்கு, வாய்க்கரிசி தனக்கு, கொடுக்காமல் எரிக்க முடியாது என்கிறான். அவளிடம் காசில்லை. கழுத்துத் தாலியை விற்றுக் கொடு என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது. அப்படித்தான் ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள்.

இந்த நாடகத்தைச் சிறுவனாகப் பார்த்துத்தான் வாய்மையின் மேல் பற்று வந்ததாகக் காந்தி எழுதினார். எனக்கு அதில் தெரிவது சுடுகாட்டுக் கட்டணம். பிள்ளையின் பிணத்தை வைத்துக்கொண்டு அழுகிற தாயிடம் முதலில் கேட்கப்படுவது காசு. கேட்கிறவனும் அதை வைத்துக்கொள்ள முடியாதவன். அரசன் ஒருவன் கொஞ்ச நாள் இந்த வேலையைச் செய்ததற்கு இத்தனை நூற்றாண்டாகக் கண்ணீர் விடுகிறோம். அதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவரைப் பத்து வயதுப் பையன் "ஏய், வாடா" என்று கூப்பிடுகிறான். இசபெல் கிளார்க்-டெசே என்ற மானுடவியலாளர் தென்னார்க்காடு வட்டாரத்தில் தங்கி ஒப்பாரியையும் மேளக்காரர் பாட்டையும் வெட்டியானின் இந்தச் சுடுகாட்டு முறையீட்டையும் ஆராய்ந்து 2005இல் நூலாக வெளியிட்டார். அந்தப் பாட்டில் இருப்பது கூலிப் பேச்சு. அதைச் சடங்கு என்று மட்டும் பதிவு செய்வது பாதி வேலைதான்.

இனி இப்போதைய வியாபாரத்துக்கு வருகிறேன்.

சாவு விழுந்தவுடன் முதலில் போகிற போன் இன்று ஃப்ரீசர் பாக்ஸுக்கு. அடுத்து சாமியானா பந்தல், நாற்காலி. பிறகு ஃபிளெக்ஸ் கடை. பிறகு பூ ஜோடித்த வண்டி, அதற்குச் சொர்க்க ரதம் என்று பெயர். வெடி. மேளம். மைக் செட்டோடு ஒப்பாரிக் குழு. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட், வசதியிருந்தால் கர்ண மோட்சம் கூத்து. எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி முடித்துத் தருகிற ஆட்களும் வந்துவிட்டார்கள்.

இதில் ஃப்ரீசர் பாக்ஸ் செய்த மாற்றம்தான் பெரியது என்பது என் எண்ணம். முன்பு வெயிலும் உடம்பும்தான் நேரத்தை முடிவு செய்தன. காலையில் செத்தால் சாயங்காலம், ராத்திரி செத்தால் மறுநாள் மதியம். எழவு சொல்லப் போனவர் போய்ச் சேர்ந்த தூரம்தான் உறவின் எல்லை. இன்று பெங்களூரில் இருக்கும் மகன் வரும்வரை, துபாயில் இருப்பவனுக்கு டிக்கெட் கிடைக்கும்வரை உடலை வைத்திருக்கலாம். அது நல்லதுதான். கட்டட வேலைக்குப் போன நம் பிள்ளைகள் அப்பன் முகத்தைப் பார்க்க முடிவது அந்தப் பெட்டியால்தான். ஆனால் வாடகை நாள் கணக்கில் ஓடுகிறது. துக்கத்தின் நீளத்துக்கு ஒரு மீட்டர் வைத்ததுபோல் ஆகிவிட்டது.

இன்னொன்று கண்ணாடி. நம் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது செத்தவரின் கன்னத்தைத் தடவுவார்கள், கையைப் பிடித்து உலுக்கி "எழுந்திருடி" என்பார்கள். ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஆடி ஆடிப் பாடுவார்கள். அந்தப் பாட்டில் பிறந்த வீட்டுக் குறை வரும், புருஷன் அடித்தது வரும், பங்கு தராத அண்ணன் பெயரே வரும். சாவு வீடு என்பது பெண்கள் வாய்திறந்து வழக்குப் பேசுகிற இடமாக இருந்தது. இப்போது பெட்டியின் மூடிமேல் கையை வைத்து அழுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் குழு வந்து மைக்கைப் பிடிக்கிறது. செத்தவரின் பெயரையும் மக்கள் பெயரையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே உள்ள பாட்டில் பொருத்திப் பாடுகிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. பலர் நம் தெருப் பிள்ளைகள்தான். ஆனால் வீட்டுப் பெண்கள் கேட்பவர்களாகிவிட்டார்கள். அண்ணன் பெயர் சீட்டில் 'அன்பு மகன்' என்று மட்டுமே வரும்.

அமெரிக்காவில் இப்படித்தான் பிணத்தை வீட்டாரின் கையிலிருந்து கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1963இல் ஜெசிகா மிட்ஃபோர்ட் எழுதிய நூல் அந்த வியாபாரத்தின் தோலை உரித்தது. துக்கத்தில் இருப்பவன் பேரம் பேச மாட்டான், அந்த வெட்கத்தில்தான் லாபம் இருக்கிறது என்பது அதன் சாரம். 1984இல் அங்கே மத்திய வணிக ஆணையத்தின் விதி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலைப்பட்டியல் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றது அது. அந்த விதியை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் பாதிதான் பொருந்தும். அங்கே சவ அடக்கத் தொழில் ஒரே கடையின் தொழில். இங்கே அது இரண்டாகப் பிளந்துவிட்டது. பெட்டி, வண்டி, பந்தல், ஃபிளெக்ஸ் எல்லாம் முதல் போட்டவர் கைக்குப் போய்த் தொழிலாகிவிட்டன. விசிட்டிங் கார்டு இருக்கிறது, முதலாளி என்ற மரியாதை இருக்கிறது, தீட்டு மட்டும் இல்லை. குழி வெட்டுவது, விறகும் வறட்டியும் அடுக்குவது, நெருப்பு பிடிக்கும்வரை நிற்பது, மேளம் அடிப்பது ஆகியவை பழைய கையிலேயே பழைய பெயரோடு நிற்கின்றன. சேதி சொல்கிற வேலையை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது. அந்த ஒன்றில் நமக்கு விடுதலை.

என் அத்தை இறந்தபோது செலவு நோட்டை நான்தான் எழுதினேன். ரோஜா மாலைக்கும் வண்டி ஜோடிப்புக்கும் கொடுத்ததில் பாதிகூடக் குழி வெட்டிய பெரியவருக்குப் போகவில்லை. பூக்கடைக்காரர் சொன்ன விலையை யாரும் குறைத்துக் கேட்கவில்லை. பெரியவரிடம் மட்டும் நான்கு பேர் நின்று பேரம் பேசினார்கள். அந்த நான்கு பேரும் நம் ஆட்கள், கட்சித் துண்டு போட்டவர்கள்.

இதைச் சொல்லாமல் ஊர்க்காரர்களை மட்டும் பேசிவிட்டுப் போனால் நம் தோழர் மன்னிக்க மாட்டார். நமக்கும் கீழே ஒரு கையை வைத்திருக்கிறோம். நம் வீட்டுச் சாவுக்குப் பாடை கட்டவும் மாத்துத் துணி தரவும் கோடித் துணியை எடுத்துக்கொள்ளவும் புதிரை வண்ணார்களை வைத்திருந்தோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம்மில் பலர் கோபப்பட்டோம். ஆரோக்கியத்துக்குப் படியளக்காத கைகள் நம் கைகள் என்பதால் வந்த கோபம் அது. 2009இல் அவர்களுக்கு நலவாரியம் அமைந்தது. சாதிச் சான்றிதழுக்கு இன்னும் அலைகிறவர்கள் உண்டு. அருந்ததியருக்குத் தனிச் சுடுகாடு, அதற்குத் தனி வழி என்று ஒதுக்குவதில் நம் பங்கு எவ்வளவு என்பதையும் அவரவர் ஊரில் போய்ப் பாருங்கள்.

வழி என்றதும் வீரளூர் நினைவுக்கு வராமல் இருக்காது. நம் மாவட்டம்தான், கலசபாக்கம் பக்கம். 2022 பொங்கல் சமயத்தில் ஓர் அருந்ததியப் பெண்ணின் உடலைப் பொதுச் சாலை வழியாக எடுத்துச் செல்வது பற்றிய தகராறு. காலனி தாக்கப்பட்டது, வீடுகளும் வண்டிகளும் அடித்து நொறுக்கப்பட்டன. அதற்கு முன், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நிலத்து வழியை மறித்ததால் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதற்கும் முன், 2016 ஜனவரியில், மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டச்சேரியில் பொதுத்தெரு வழியாகக் கொண்டுபோகலாம் என்று நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தும், போலீசே உடலை வேறு வழியில் எடுத்துப் போய் அடக்கம் செய்தது. நம் ஊர் ரமணாசிரமத்தில் 1948இல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது, பக்கத்தில் மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும்கூட இருக்கிறது. அன்போடு கட்டியவை, அதைக் குறை சொல்லவில்லை. நினைத்தாலே முக்தி தரும் மலை என்று ஊருக்குப் பெயர். அந்த மலை கண்ணில் படுகிற கிராமங்களில் பிணம் போக வண்டிப்பாதை கேட்டு மனு எழுதுகிறோம்.

இந்த வழி மறிப்பும் துக்கத்தை மாற்றுகிறது. ஊர்வலம் புறப்படும்முன் தாசில்தார் வருகிறாரா, ஆய்வாளர் வருகிறாரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. செத்தவரின் மகன் அழுவதை விட்டுவிட்டுப் பேச்சுவார்த்தையில் உட்காருகிறான். பெட்டியின் வாடகை ஓடிக்கொண்டே இருக்கிறது. வாய்ப்புக் கிடைக்கிற இடத்தில் வெடியும் மேளமும் கூடுதலாக வைத்து, பெரிய ஃபிளெக்ஸ் அடித்து, பொதுத்தெருவில் நின்று ஆடிவிட்டுப் போவதற்குப் பின்னால் இந்தக் காயம் இருக்கிறது. வெட்டிச் செலவு என்று படித்தவர்கள் முகம் சுளிக்கிறோம். உயிரோடு இருக்கும்போது கிடைக்காத தெருவைச் செத்தபிறகாவது வாங்குகிற செலவு அது. ஆனால் அந்தக் கடனைக் குழுவில் வாங்கி வாரத் தவணை கட்டுகிறவள் அந்த வீட்டுப் பெண். அவளை வைத்துத்தான் நான் இந்தச் செலவை எதிர்க்கிறேன், நாகரிகத்தை வைத்து அல்ல.

மேளத்தைப் பற்றி நமக்குள் முடியாத விவாதம் ஒன்று உண்டு. அய்யா எல். இளையபெருமாள் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதியில் சாவு மேளம் அடிக்காதே, செத்த மாட்டைத் தூக்காதே என்று இயக்கம் நடத்தினார். தீண்டாமை பற்றிய தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை கொடுத்ததும் அவர்தான். அடிக்க மறுத்ததற்காக அடிபட்ட, நிலத்து வேலையை இழந்த குடும்பங்கள் உண்டு. பிறகு வந்த தலைமுறை பறையைக் கலை என்று மேடைக்கு எடுத்துப் போனது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் அதைக் கொடுத்தது. இரண்டும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்க வேண்டியது, அடிப்பவன் வர முடியாது என்று சொல்ல முடிகிறதா என்பதுதான். முன்பணம் வாங்கி, நேரம் பேசி, சட்டை போட்டு, செருப்போடு நின்று அடித்தால் அது தொழில். "உங்கப்பன் அடிச்சான், நீ அடிக்க மாட்டியா" என்ற பேச்சு வந்த இடத்தில் அது வெட்டி.

சட்டம் இந்த வேறுபாட்டைப் பிடித்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதியினரைப் பிணமோ செத்த விலங்கோ சுமக்கவோ அகற்றவோ வைப்பதும், குழி வெட்ட வைப்பதும் அதன்படி குற்றம். பொதுச் சுடுகாட்டை, இடுகாட்டை மற்றவர்போல் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சுடுகாட்டு உரிமை இருக்கிறது. பொது மயானம் வைத்திருக்கும் ஊர்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று மாநில அரசு அறிவித்தது. குழி வெட்ட வைப்பது என்ற பிரிவில் புகார் எழுதத்தான் நம் கை வருவதில்லை. புகார் எழுதினால் அந்தப் பெரியவருக்கு நாளைக்கு இருக்கும் ஒரே கூலியும் போய்விடும். ஊராட்சியே மாதச் சம்பளத்துக்கு மயானப் பணியாளரை, எந்தச் சாதியிலிருந்தும், விண்ணப்பம் வாங்கி வேலைக்கு எடுக்கட்டும் என்று கேட்டு வருகிறோம். அரசு மருத்துவமனையிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. வீட்டிலிருந்து மண்ணுக்குப் போகும் அந்தக் கடைசித் தூரத்தையும் அரசு ஏற்க முடியாதா என்பதுதான் எங்கள் மனு.

நம் தோழர் எழுதி வைத்துவிட்டுப் போனது இது: பெட்டி வேண்டாம், மேளத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம், என் குழியை என் மக்களே வெட்டட்டும். அண்ணல் 1956 டிசம்பர் 7 அன்று தாதர் கடற்கரையில் பௌத்த முறையில் எரியூட்டப்பட்டதை அவர் அடிக்கடி சொல்வார். அதனால் பஞ்சசீலம் சொல்லி எடுத்தோம். பெண்கள் தெருமுனையோடு திரும்பவில்லை, நானும் போனேன். மருமகனும் தெருப் பிள்ளைகள் ஆறு பேரும் மண்வெட்டி எடுத்தார்கள். யாருக்கும் வெட்டத் தெரியவில்லை. இரண்டடியில் பக்கவாட்டு மண் சரிந்தது. எப்போதும் வெட்டுகிற பெரியவர் வேலிக்கு வெளியே நின்றிருந்தார். கடைசியில் அவர்தான் உள்ளே வந்து, குழியின் தலைமாட்டில் உட்கார்ந்து, எங்கே சரிவு விட வேண்டும், எங்கே கடப்பாரை போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். முடிய இரண்டரை மணி நேரமானது. அவருக்கு என்ன கொடுப்பது, எந்தப் பெயரில் கொடுப்பது என்று அன்று ராத்திரி எங்களுக்குள் பேச்சு வந்தது. வெட்டுக்கூலி என்று சிலர் சொன்னார்கள், அவர் வெட்டவில்லையே என்றார்கள் சிலர். சொல்லிக்கொடுத்ததற்கு வாத்தியார் சம்பளம் என்றான் மருமகன். பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார், வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.